பரணிலும் இடமில்லை, முன்னறையிலும் இடமில்லை: எந்தப் பெட்டி, எந்த ரேக் வாங்கலாம்?

சத்துவாச்சாரி_கணக்கர்
ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு படுக்கையறை கொண்ட பழைய வீடு. அம்மா, மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், நான். முன்னறைதான் என் அலுவலகம். சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மொத்தம் 23 கடைகள். ஒவ்வொருவரும் பில்களை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். மேசைக்கு அடியில் பை, நாற்காலி மேல் பை, ஜன்னல் திண்டில் பை. நேற்று காட்பாடியிலிருந்து ஒருவர் புதிதாகக் கணக்குக் கொடுக்க வந்தார். உட்காரச் சொன்னேன். எங்கே உட்காருவது என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். நின்றபடியே பேசிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

உள்ளேயும் இதே கதைதான். பரண் நிறைந்து, கட்டிலுக்கு அடியில் நிறைந்து, இப்போது கூடத்து மூலையில் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. "செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தை மாதிரி இருக்கிறது. மாடு ஒன்றுதான் குறை" என்கிறார் அம்மா. அவருடைய ட்ரங்குப் பெட்டியும் அந்தச் சந்தையில் சேர்த்திதான் என்பதை நான் சொல்லவில்லை.

போன ஆண்டு ஆசையோடு சில பொருள்கள் வாங்கினேன். ஆறு பிளாஸ்டிக் பெட்டிகள். இரண்டின் மூடி உடைந்துவிட்டது. கம்பிச் சட்டங்களைக் கோத்துச் செய்யும் ஒரு ரேக். பில் கோப்புகளை வைத்த மூன்றாம் நாள் சாய்ந்து விழுந்தது. பசை ஒட்டும் கொக்கிகள் ஒரு டஜன். சுவரின் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு விழுந்தன. இப்போது கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. மறுபடியும் ஏமாற விருப்பமில்லை. என்ன வாங்கலாம், எங்கே வைக்கலாம் என்று சொல்லுங்கள்.


கொசப்பேட்டை_அக்கா
ஞாயிறு, இரவு 9.34

தம்பி, பத்து நாள் எதையும் வாங்காதீர்கள். பெட்டி வாங்கினால் பெட்டியை வைக்க இடம் தேட வேண்டும். அனுபவித்தவள் சொல்கிறேன்.


பழைய_இரும்பு
ஞாயிறு, இரவு 10.05

முப்பது ஆண்டுகள் ரேக் விற்ற கை இது. இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். ஆகவே யாருக்கும் விளம்பரம் செய்யாமல் சொல்கிறேன்.

உங்கள் கம்பி ரேக் விழுந்ததில் வியப்பு ஒன்றுமில்லை. காகிதத்தின் எடையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 500 தாள் கொண்ட ஒரு ஏ4 கட்டு 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) என்றால் 2.3 கிலோவுக்குச் சற்று மேலே. மூன்றடித் தட்டில் காகிதத்தை நெருக்கி அடுக்கினால் நாற்பது கிலோவைத் தொடும். பாக்ஸ் ஃபைலில் போட்டு வைத்தாலும் தட்டுக்கு 25 முதல் 30 கிலோ வரை வரும். அந்தக் கம்பிச் சட்டம் துண்டு, குழந்தையின் பொம்மை வைக்கச் செய்தது. அதன் தலையில் அலுவலகத்தை ஏற்றியது உங்கள் தவறு.

அலுவலகத்துக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்தான். நெடுகத் துளை போட்ட இரும்பு ஆங்கிள் நான்கு, இடையில் தகரத் தட்டுகள், போல்ட் நட்டு. அழகு கிடையாது. ஆனால் தட்டின் உயரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வீடு மாறினால் கழற்றிக் கட்டி எடுத்துப் போகலாம். வாங்கும்போது கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஏமாறுபவர்கள் ஏராளம். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 என்றால் சுமார் 0.9, 22 என்றால் முக்கால் மில்லிமீட்டர்தான். கோப்பு வைப்பதற்குத் தட்டு 20 கேஜ் கேளுங்கள், தட்டின் அடியில் நடுவே ஒரு பட்டை பற்றவைத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கால் ஆங்கிள் 14 கேஜ் இருக்கட்டும். மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் முக்கோணத் தகடு போட்டு முடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாத ரேக் குடித்தவன் போல ஆடும். காலின் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் புஷ் கட்டாயம். இல்லாவிட்டால் தரை துடைக்கும் ஈரத்தில் கால் துருப்பிடித்து டைல்ஸில் வட்டம் போடும்.

பிறகு, சுவரில் ஒரு துளை போட்டு மேல் பட்டையைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது. இதை நான் சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது; செய்தவர்கள் பாதிப் பேர்தான்.


சத்துவாச்சாரி_கணக்கர்
ஞாயிறு, இரவு 10.21

ஐயா, மிக்க நன்றி. அளவு எப்படிச் சொல்வது? முன்னறையில் எனக்கு மூன்றடிச் சுவர்தான் காலியாக இருக்கிறது.


பழைய_இரும்பு
ஞாயிறு, இரவு 10.40

மூன்றடி போதும். உயரம் ஆறரை அடி, ஆழம் 15 அங்குலம், ஐந்து தட்டு. பாக்ஸ் ஃபைல் நின்ற நிலையில் 14 அங்குலம் வரும். ஆகவே தட்டுக்குத் தட்டு 15 அங்குலம் விடுங்கள். முதல் தட்டு தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே. தட்டுக்கு 11 அல்லது 12 ஃபைல் நிற்கும். ஐந்து தட்டிலும் சேர்த்து அறுபது வரை போகும். ஆழத்தை இரண்டடியாகச் செய்துகொள்ளாதீர்கள். முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை போகும். பின்வரிசையில் போனது போனதுதான்.


பாலாற்றங்கரை
திங்கள், காலை 6.50

அந்த ஆறு அங்குலத்தை விட்டுவிடாதீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது என் வீட்டுக்குள் முழங்கால் அளவு கூட வரவில்லை, கணுக்கால் அளவுதான். தரையோடு தரையாக நின்ற அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க ஊறிவிட்டது. மரத்தூள் பலகையில் செய்த அலமாரி அது. தண்ணீரில் ரஸ்க் மாதிரி உப்பிப் பொரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அப்பா காலத்துத் தேக்கு அலமாரி துடைத்துக்கொண்டு நின்றது. தேக்கு வாங்க இன்று யாரால் முடியும்? பிளைவுட் என்றால் தண்ணீர் தாங்கும் வகைக்கான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ் 303 என்பது சாதாரண உபயோகத்துக்கு. தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஆகாது.


குடியாத்தம்_லுங்கி
திங்கள், காலை 7.15

தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், அரசன் இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். இடம் இல்லாத பரண் என்பதையும் இனி சேர்த்துக்கொள்ளலாம்.


பாலாற்றங்கரை
திங்கள், காலை 7.22

ஆற்றில் தண்ணீர் வந்ததைத்தான் இப்போது சொன்னேன். கோயிலில் சாமியும் வந்தாகிவிட்டது. புதிய கேலி ஏதாவது கண்டுபிடியுங்கள்.


சிப்காட்_ஓய்வு
திங்கள், காலை 9.30

ராணிப்பேட்டையில் தொழிற்சாலை ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவன். பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானியர்களின் ஐந்து எஸ் முறையை எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார்கள். அதில் வீட்டுக்கு உதவுவது ஒன்றுதான்: சிவப்புச் சீட்டு. எதற்கு இருக்கிறது என்று தெரியாத பொருள் மேல் தேதி எழுதி ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி, தனியாக ஒரு மூலையில் வைத்துவிடுவோம். குறித்த நாளுக்குள் யாரும் தேடி வராவிட்டால் அது ஸ்டோரை விட்டு வெளியே போகும். வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். முதல் வாரமே என் மனைவி என் பழைய ரேடியோ மேல் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டார். நான் தேடிப் போனதால் ரேடியோ பிழைத்தது.

சீட்டில் மூன்று விவரம் எழுதுங்கள். என்ன பொருள், கடைசியாக எப்போது எடுத்தோம், யாருடையது. மூன்றாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

இடம் வைப்பதற்கு எங்கள் கணக்கு எளியது. தினமும் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையில். கனமானது இடுப்புக்குக் கீழே. ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பதும் எடையற்றதும் தலைக்கு மேலே. நம் வீடுகளில் வெண்கலப் பானையைப் பரணிலும் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கைக்கெட்டும் இடத்திலும் வைத்திருப்போம்.


ஆரணி_மருமகள்
திங்கள், பிற்பகல் 2.10

பெட்டி பற்றி நான் சொல்கிறேன். மூடி உடைந்தது ஏன் தெரியுமா? அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் அச்சிட்டிருக்கும், பாருங்கள். 6 என்று இருந்தால் பாலிஸ்டைரீன். கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரியும், ஒரு தட்டு தட்டினால் விரிசல் விடும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். சற்று மங்கலாக இருக்கும்; ஆனால் வளைந்து கொடுக்கும், வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். வேலூர் வெயிலுக்கு 5 தான். எண்ணே இல்லாத கறுப்புப் பெட்டி மலிவாகக் கிடைக்கும். மொட்டை மாடியில் இரண்டு கோடை இருந்தால் கையில் அப்பளமாக நொறுங்கும்.

50 லிட்டர் பெட்டியில் புத்தகம் போடாதீர்கள். முப்பது கிலோவுக்கு மேல் போகும். தூக்குபவர் இடுப்பும் போகும், பெட்டிக் காதும் போகும். புத்தகத்துக்கு 20, 25 லிட்டர் போதும். பெரிய பெட்டி போர்வைக்கும் தலையணைக்கும்.

ஒரு வேண்டுகோள்: பட்டுப் புடவையை எந்தப் பிளாஸ்டிக் பெட்டியிலும் வைக்காதீர்கள். நான் ஆரணியில் பிறந்தவள், தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். பட்டுக்கு மூச்சு வேண்டும். பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, கஞ்சி இல்லாமல் காயவைத்து, அதில் சுற்றி பீரோவில் வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே அறுந்துவிடும். நாப்தலின் உருண்டை ஜரிகையில் படவே கூடாது. வசம்பும் கிராம்பும் ஒரு துணியில் முடிந்து மூலையில் வைத்தால் போதும்.


விஐபி_பை
திங்கள், பிற்பகல் 3.00

காற்றை உறிஞ்சி எடுக்கும் பை கிடைக்கிறதே, அதில் போட்டால் பத்துப் புடவை ஒரு தலையணை உயரத்துக்கு அடங்கிவிடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.


ஆரணி_மருமகள்
திங்கள், பிற்பகல் 3.04

ஐயோ. இன்றே பிரித்து எடுங்கள்.


விஐபி_பை
திங்கள், பிற்பகல் 3.30

பருத்திப் புடவைகள்தான் அம்மா. பட்டு இல்லை.


ஆரணி_மருமகள்
திங்கள், பிற்பகல் 3.41

அப்படியானால் மன்னித்தேன். அந்தப் பை ரஜாய், கம்பளிக்கு நல்லது. டிசம்பரில் மட்டும் எடுப்போம் என்றால் சரி. ஆனால் மூடும் பட்டையில் ஒரு நூல் மாட்டினாலும் காற்று உள்ளே போய்விடும். என் அத்தை வீட்டுப் பரணில் மூன்று பை நெருக்கி வைத்திருந்தார்கள். மாதம் ஒன்று ஆவதற்குள் அவை உப்பி, முன்னால் இருந்த பாத்திரத்தைத் தள்ளிவிட்டன. நடு இரவில் திருடன் என்று நினைத்து வீடே எழுந்துவிட்டது.


எதிர்ச்சந்து_லாட்ஜ்
திங்கள், இரவு 8.45

பெரிய மருத்துவமனை அருகே சிறிய விடுதி நடத்துகிறேன். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். எட்டுக்குப் பத்தடி அறையில் நான்கு பேர், ஓர் அடுப்பு, ஒரு நோயாளி. பொருளை ஒழுங்காக வைப்பதை நான் அவர்களிடம்தான் கற்றேன்.

அவர்கள் வாங்கும் முதல் பொருள் நைலான் கயிறு, இரண்டாவது பொருள் அகலமான பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் சமையல் பாத்திரம், மேலே தட்டைக் கவிழ்த்தால் அதுவே மேசை. எல்லாப் பொருளும் கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த தட்டில். நாம் பெரிய வீட்டில் இருந்துகொண்டு இடமில்லை என்கிறோம்.

மருத்துவக் காகிதம் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும், எல்லார் வீட்டிலும் ஒரு பை இருக்கும் என்பதால். ஒருவருக்கு ஒரு ஜிப் உறை. புதியது முன்னால், பழையது பின்னால். ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையில் தேதியைப் பெரிதாக எழுதிவிடுங்கள். எக்ஸ்ரே படத்தை மடிக்காமல், அதன் காகித உறையிலேயே, நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்து மேலே சுமை ஏற்றினால் ஒன்றோடொன்று ஒட்டும். அவசரத்தில் ஆட்டோவில் ஏறும்போது அந்த ஓர் உறையை எடுத்தால் போதும் என்று இருக்க வேண்டும். பரணில் இருந்து இறக்கிக்கொண்டிருக்க முடியாது.


சத்துவாச்சாரி_கணக்கர்
திங்கள், இரவு 9.30

அம்மாவின் சர்க்கரை நோய்ச் சீட்டுகள் ஒரு பையில், என் முதுகுவலிப் படங்கள் இன்னொரு பையில். இரண்டும் பரணில்தான் இருக்கின்றன. நாளையே இறக்குகிறேன்.

சமையலறைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? அரிசிக்கு 25 லிட்டர் டப்பா வாங்கலாம் என்று மனைவி சொல்கிறார்.


கொசப்பேட்டை_அக்கா
திங்கள், இரவு 9.52

வாங்காதீர்கள் என்று சொன்னேன், கிட்டத்தட்ட இருபத்து நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். சரி, கேளுங்கள்.

25 லிட்டர் டப்பாவில் 25 கிலோ அரிசி கொள்ளாது. ஒரு லிட்டர் இடத்தில் அரிசி முக்கால் கிலோவுக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். ஒரு சிப்பத்துக்கு, அதாவது 25 கிலோ மூட்டைக்கு, 33 லிட்டர் வேண்டும், கை விட்டு அள்ள இன்னும் கொஞ்சம். ஆக 35 லிட்டராகக் கேளுங்கள். 25 லிட்டர் வாங்கினால் டப்பாவும் இருக்கும், மிச்ச அரிசியோடு கோணியும் பக்கத்தில் இருக்கும். என் வீட்டில் இருந்தது.

மற்றபடி எனக்கு எவர்சில்வர் சம்படம்தான். என் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்தவை இன்னும் ஓட்டை விழாமல் இருக்கின்றன. இப்போது வரும் சதுர டப்பாக்கள் மூலையை வீணாக்காமல் அடங்கும் என்பது உண்மை. வட்ட டப்பாக்களுக்கு நடுவில் காற்றைத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் தேய்த்து என் கை ஓய்ந்துவிட்டது. பருப்புக்குச் சதுரப் பிளாஸ்டிக், அடுப்பருகே எவர்சில்வர். அஞ்சறைப் பெட்டியை மாற்ற நினைக்காதீர்கள். அதை விடச் சிறந்த ஒழுங்குப் பெட்டியை இன்னும் யாரும் செய்யவில்லை. ஒரே மூடி, ஏழு கிண்ணம், லேபிள் தேவையில்லை.


சத்துவாச்சாரி_கணக்கர்
திங்கள், இரவு 10.02

சிப்பம் 26 கிலோ அக்கா. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலத்துக்கு 5 சதவீத வரி வந்ததும் ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கிவிட்டன. தொழில் புத்தி, மன்னிக்கவும்.


கொசப்பேட்டை_அக்கா
திங்கள், இரவு 10.06

அந்த ஒரு கிலோதான் என் டப்பா வாயில் நின்று மூடியைத் தூக்குகிறது போலிருக்கிறது.


மாடக்குழி
செவ்வாய், காலை 8.20

பசைக் கொக்கிகள் விழுந்ததற்குக் காரணம் பசை அல்ல, சுவர். சுண்ணாம்பிலும் டிஸ்டெம்பரிலும் ஒட்டினால் பூச்சோடு வந்துவிடும். டைல்ஸ், கண்ணாடி, எனாமல் அடித்த இரும்பு பீரோ இவற்றில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் பிசுக்கைத் துடையுங்கள். ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாதீர்கள். கதவின் தலையில் மாட்டும் கொக்கியும் வாங்கிவிடாதீர்கள். நம் பழைய மரக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கூட இருக்காது. மாட்டினால் கதவு சாத்தாது.

ஒரு பழைய வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் மாடக்குழி இருந்ததா, அதை யாராவது பூசி அடைத்துவிட்டார்களா? எங்கள் வீட்டில் அடைத்துவிட்டார்கள். சாவி, மூக்குக்கண்ணாடி, விளக்கு எல்லாம் அதில்தான் இருக்கும். அடைத்த நாளிலிருந்து அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.


தணிக்கை_உதவியாளர்
செவ்வாய், முற்பகல் 11.40

எல்லாரும் ரேக் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன், கணக்கர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த 23 மஞ்சப்பைகளும் ஏன் உங்கள் வீட்டில் இருக்கின்றன?

சட்டப்படி பதிவேடுகள் இருக்க வேண்டிய இடம் வியாபாரியின் முதன்மை வணிக இடம். ஜிஎஸ்டி சட்டம் 35ஆம் பிரிவு. எவ்வளவு காலம் என்பது 36ஆம் பிரிவு: அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2022-23க்கான கெடு 2023 டிசம்பர் 31. ஆக அந்தப் பில்களை 2029 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். வழக்கு, மேல்முறையீடு இருந்தால் முடிவு வந்து ஓராண்டு வரை, அல்லது இந்தக் காலம் வரை, எது பிந்தியதோ அது. வைத்திருக்க வேண்டியவர் கடைக்காரர். நீங்கள் பதிந்து முடித்ததும் பையைக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாள் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் உங்கள் முன்னறை ஒரே மாதத்தில் காலியாகும்.


சத்துவாச்சாரி_கணக்கர்
செவ்வாய், பிற்பகல் 1.15

தெரியும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் இந்தச் சட்டத்தைச் சொல்பவன் நான்தான். பையைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கையே வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். பை இங்கே இருந்தால் ஆளும் இங்கே வருவார் என்று நினைத்துவிட்டேன்.


தணிக்கை_உதவியாளர்
செவ்வாய், பிற்பகல் 1.32

பைக்காக வருபவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. இன்னொன்று, பெட்ரோல் பங்க்கிலும் கடையிலும் இயந்திரத்தில் அடித்துத் தரும் வழவழப்பான சீட்டு வெப்பத்தில் எழுத்து தெரியும் காகிதம். கோடையில் பரணில் வைத்தால் கறுக்கும், இல்லையென்றால் வெளுக்கும். வந்த அன்றே படம் பிடித்துவிடுங்கள். ஒளிபுகும் பிவிசி உறையில் போடவே போடாதீர்கள், எழுத்து மறைந்துவிடும். ஜெராக்ஸ் பிரதியின் மையும் அந்த உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும்.


சத்துவாச்சாரி_கணக்கர்
செவ்வாய், பிற்பகல் 1.50

போன மே மாதம் ஒரு வாடிக்கையாளரின் டீசல் பில்கள் முப்பதும் வெற்றுத் தாளாக இருந்தன. அவர்தான் என்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.


சிப்காட்_ஓய்வு
செவ்வாய், மாலை 5.00

மூன்றாவது விவரம், யாருடையது என்று எழுதச் சொன்னேன். நினைவிருக்கிறதா?


பத்திரம்_பத்திரம்
செவ்வாய், இரவு 8.10

சொத்துப் பத்திரம் பற்றி யாரும் சொல்லவில்லை. மூலப் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரைத் தாள் பிளாஸ்டிக்குக்குள் போனால் திரும்ப எடுக்க வழியில்லை. துணிப் பை அல்லது அமிலமற்ற காகித உறையில் போட்டு, பூட்டும் இரும்புப் பெட்டியில். பட்டா, வில்லங்கச் சான்றை இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், அவற்றின் பத்துப் பிரதிகளைச் சேர்த்து வைக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் எந்தக் காகிதமும் நீண்ட நாள் வேண்டாம். கரப்பானுக்கும் கரையானுக்கும் அது விருந்து.


குடியாத்தம்_லுங்கி
புதன், காலை 7.05

ஒரு ரேக்கில் தொடங்கி வில்லங்கச் சான்று வரை வந்துவிட்டோம். அட்டைப்பெட்டி அவ்வளவு மோசமா? என் லுங்கிகள் அதில்தான் ஊர் ஊராகப் போகின்றன.


பத்திரம்_பத்திரம்
புதன், காலை 7.40

போவதற்கு நல்லது. தங்குவதற்கு ஆகாது.


சத்துவாச்சாரி_கணக்கர்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

என்ன ஆயிற்று என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டீர்கள். சொல்கிறேன்.

சிவப்புத் தாள் வாங்கி மகளிடம் கொடுத்தேன். அவள் கையெழுத்து அழகு. பரணில் இருந்த எல்லாவற்றையும் இறக்கி, என்ன, எப்போது, யாருடையது என்று எழுதினோம். ஒரு நாள் முழுக்க ஆனது. மொத்தம் 61 சீட்டு. அதில் 34 எங்களுடையவை அல்ல. என் தம்பியின் கல்லூரிப் புத்தகங்கள். மனைவியின் சித்தி வீடு மாறியபோது 'ஒரு வாரம் மட்டும்' என்று வைத்த மிக்ஸி. எதிர்வீட்டார் கல்யாணத்துக்கு வாங்கி மீந்த தாம்பூலப் பைகள் ஒரு மூட்டை. என் மைத்துனரின் மடக்குக் கட்டில். அவர் துபாய் போகும்போது வைத்துவிட்டுப் போனது. அவர் திரும்பி வந்து நான்கு ஆண்டு ஆகிறது.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் மூலவர் எத்தனையோ காலம் எங்கள் சத்துவாச்சாரியில் பத்திரமாக இருந்து, 1981ல் திரும்பக் கோட்டைக்குப் போனவர். அவ்வளவு பெரிய பொருளையே திருப்பிக் கொடுத்த ஊர் எங்கள் ஊர், உன் கட்டிலைக் கொடுக்க மாட்டோமா என்று மைத்துனருக்குச் சொல்லி அனுப்பினேன். சிரித்தார். கட்டில் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

பைகள்: 23ல் 19 திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, கையெழுத்தோடு. யாரும் கணக்கை மாற்றவில்லை. ஒரு மளிகைக்காரர் மட்டும் "என் கடையில் எங்கே வைப்பேன்?" என்று பதறினார். அவருக்குப் பழைய_இரும்பு ஐயா சொன்ன அளவை எழுதிக் கொடுத்தேன்.

வாங்கியவை: ஆறரை அடி ரேக் ஒன்று, 20 கேஜ், முக்கோணத் தகடு, புஷ், சுவரில் பிணைப்பு எல்லாம் சேர்த்து. கடைக்காரர் 22 கேஜை எடுத்துவைத்து "இது கூடுதல் கேஜ் சார்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்துவிட்டு வேறு கடையில் வாங்கினேன். பாக்ஸ் ஃபைல் 24. 5 எண் போட்ட 25 லிட்டர் பெட்டி நான்கு. அரிசிக்கு 35 லிட்டர். ஜிப் உறை நான்கு, ஆளுக்கு ஒன்று. பாதிப் பணம் மிச்சம்.

ட்ரங்குப் பெட்டிதான் தீரவில்லை. அதன் மேல் மெத்தை போட்டு, வருபவர்கள் உட்கார முன்னறையில் வைக்கலாம் என்று சொன்னேன். "என் கல்யாணப் பெட்டி மேல் எவனோ வந்து உட்காருவானா?" என்றார் அம்மா. அதோடு முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டில் எழுத மகள் கேட்டபோது, "எழுதிக்கொள், அம்மாவுடையது" என்று மட்டும் சொன்னார். சாவி இடுப்பில் இருக்கிறது.


கொசப்பேட்டை_அக்கா
ஞாயிறு, மாலை 6.48

பெட்டியை விட்டுவிடுங்கள் தம்பி. அதை அவர் கட்டிலருகே வையுங்கள், மேலே அவர் மருந்தும் தண்ணீர்ச் சொம்பும் இருக்கட்டும். மேல் வைப்பது அவருடைய பொருள் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்.


சத்துவாச்சாரி_கணக்கர்
ஞாயிறு, இரவு 9.15

கேட்டுப் பார்த்தேன். சொம்பு மட்டும் என்றார். மருந்து ஜிப் உறைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டுமாம், லாட்ஜ்காரர் சொன்னது சரியாம். இந்த இழையை மகள் அவருக்குப் படித்துக் காட்டுகிறாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

வியாழக்கிழமை குடியாத்தம் போகும் வேன் ஒன்று இருக்கிறது. மைத்துனர் வீடு வழியில்தான். மடக்குக் கட்டிலை வேன் மேல் கட்ட எந்தக் கயிறு நல்லது, யாராவது சொல்லுங்கள்.


எதிர்ச்சந்து_லாட்ஜ்
ஞாயிறு, இரவு 9.22

நைலான். என்னிடம் நிறைய இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டாம்.